சுவரில் சாயாதே

இது நடந்தது. எங்கோ கேட்டதற்குக் கை கால் வைத்துச் சொல்கிற கதை இல்லை. எந்தக் கிழமை, எத்தனை மணி, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதுவரை குறித்த தாள் ஒன்று இருக்கிறது. அதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். இருட்டில் நடந்ததும் இல்லை. பட்டப்பகலில், எட்டுக் குழல் விளக்குகள் எரிகிற வெள்ளை அறையில் நடந்தது.

நடந்தது ஒரு பெயிண்டருக்கு. படம் வரைகிறவர் இல்லை. சுவருக்கு அடிக்கிறவர்.

நகரத்து ஓவியக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக அவர்தான் சுவர்களுக்குப் பொறுப்பு. அங்கே எல்லாரும் அவரை வெள்ளைக்காரர் என்பார்கள். ஆள் அட்டக் கறுப்பு. ஆனால் வெள்ளையைத் தவிர வேறு நிறத்தை அவர் அங்கே தொட்டதே இல்லை. ஒரு கண்காட்சி முடிந்து படங்கள் இறங்கியதும் சுவரெல்லாம் ஆணித் துளையாக நிற்கும். துளைகளைப் பட்டி வைத்து அடைப்பார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். மேலே இரண்டு கோட் வெள்ளை. அடுத்த படங்கள் வரும்போது அங்கே அதுவரை எதுவுமே மாட்டியதில்லை என்று தோன்ற வேண்டும்.

“சுவத்த ஒருத்தன் கவனிச்சுட்டான்னா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்” என்பார். அவர் பேசுவதே அபூர்வம். ஒரு வாக்கியம் பேசினால் அது காய்ந்த பிறகுதான் அடுத்தது.

அவருக்குக் கூட்டாளி, படம் மாட்டுகிற ஆணிக்காரர். இவர் பேசாததையெல்லாம் சேர்த்து அவர் பேசுவார். ஒருமுறை வெள்ளைக்காரர் சாப்பிடப் போன நேரத்தில், அவருடைய ஏணியையும் வாளியையும் சுற்றி நாலு பார்வையாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். ஒருவர் உச்சுக் கொட்டி, “உழைப்போட தனிமையச் சொல்றாருப்பா” என்றாராம். ஆணிக்காரர் அதைப் பத்து வருடமாகச் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்த வருடம் கூடம் எட்டு நாள் மூடியிருந்தது. அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, இருபத்தெட்டு வயது ஓவியர், முதல் தடவையாக மூன்று அறைகளையும் தனியாக நிரப்பப்போகிறாள். வியாழன் வேலை தொடக்கம். அடுத்த வெள்ளி மாலை ஆறு மணிக்குத் திறப்பு.

மூன்றாவது அறையில் ஒரு நீளச் சுவர் உண்டு. பலகைச் சுவர். பழைய நூல் கிடங்கைக் கூடமாக மாற்றியபோது, செங்கல் சுவருக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளி விட்டு அடித்தது. நாலு பக்கமும் மூடியது. அந்த இடைவெளியில் பூனைகூடத் திரும்ப முடியாது.

வியாழன் காலை 10.40-க்கு அந்தச் சுவரில் முதல் கோட் முடிந்தது. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நாலு மணி நேரம் விட வேண்டும். அதனால் நேரத்தைத் தாளில் எழுதி ஏணியில் செருகிக்கொள்வது அவர் வழக்கம். இரண்டாவது அறையில் துளை அடைக்கப் போனார். 2.45-க்குத் திரும்பி வந்தார்.

வெள்ளையில் ஒரு கறை.

எலுமிச்சை அளவு. லேசான மஞ்சள். அவர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.

கிட்டே போய் முகர்ந்தார். சந்தேகமே இல்லை. தலை எண்ணெய். ஆட்கள் சாய்ந்து உட்காருகிற வீட்டுச் சுவரில் ஒன்றாவது இருக்குமே, அதே வட்டம். ஆனால் இது ரொம்பச் சின்னது. சாய்ந்து, சட்டென்று தலையை எடுத்துக்கொண்ட மாதிரி.

“யாருய்யா புள்ளயக் கூட்டியாந்தது?” என்று வெளியே வந்து கேட்டார்.

“எந்தப் புள்ள?” என்றார் ஆணிக்காரர். “காலைலேந்து நீங்களும் நானும் மேனேஜர் மேடமும்தான். மூணு பேர்ல யாரப் புள்ளன்னு சொல்றீங்க?”

வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. கறையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தார். தேய்த்தார். இரண்டாவது கோட் அடித்தார். போகும்போது அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெள்ளி காலை 9.10-க்குத் திறந்தார். சுவர் சுத்தமாக இருந்தது. 11.30-க்கு மறுபடி எட்டிப் பார்த்தார்.

இருந்தது.

ஆனால் அதே இடத்தில் இல்லை. நேற்றைய இடம் பளிச்சென்று கிடந்தது. இது அதற்கு நேர் மேலே. அவருக்குக் கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் குழப்பம். எண்ணெய்க் கறை அடியிலிருந்து கசிந்து வரும், அது தெரிந்ததுதான். ஆனால் கறை ஏணி ஏறுமா? அளவு டேப்பை எடுத்தார். நேற்றுத் தேய்த்த தடம் 98. இன்றைக்கு 110. தாளில் குறித்துக்கொண்டார்.

இந்தத் தடவை எண்ணெய்ப் பிரைமரை எடுத்தார். அதை அடித்து மூடினால் எந்தக் கறையும் மூச்சு விடாது. பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட அது அவரைக் கைவிட்டதில்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “அண்ணா, அந்தச் சுவர்லதான் ஏழடிப் படம் வருது. ஞாபகம் இருக்குல்ல? சுத்தமா வேணும்.”

“முடிஞ்சுரும் மேடம்.”

சனிக்கிழமை. ஆணிக்காரர் லீவு. மேலாளர் முன்னறையில் போனில் இருந்தார். வெள்ளைக்காரர் மூன்றாவது அறையில் ஏணி மேல், கூரையோரம் தூரிகை ஓட்டிக்கொண்டிருந்தார். சுவருக்கு முதுகு. எதிர்ச் சுவரில் வேலை. நேரம் 3.15.

டொக்.

மெல்லிய சத்தம். பலகையில் எதுவோ பட்ட மாதிரி.

கையை நிறுத்தினார். காது கொடுத்தார்.

டொக்... ... டொக்.

ஆணி அடிக்கிற சத்தம் இல்லை. எலி இல்லை. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். பிள்ளை பெற்ற யாருக்கும் தெரியும். சும்மா நிற்கச் சொன்னால் பிள்ளைகள் பொழுது போகாமல் பின்னந்தலையைச் சுவரில் தட்டிக்கொண்டு நிற்குமே... அது.

ஏணியை விட்டு இறங்கினார். திரும்பினார். யாரும் இல்லை. பலகையில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஒன்றும் இல்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். வெற்றுப் பலகைதான் பதில் சொன்னது.

காதை எடுத்தபோது பார்த்தார். அவர் முகத்துக்குக் கீழே, 122-இல், புதிதாக ஒரு வட்டம். ஈரம் காயவில்லை.

விரலால் தொட்டார். மூக்கருகே கொண்டுபோனார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆணிக்காரருக்குக்கூடப் பாதிதான் தெரிந்த விஷயம்.

வெள்ளைக்காரருக்கு ஒரு மகள் இருந்தாள். நாலு வயது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவிக்குத் தையல் கம்பெனியில் மதிய ஷிப்ட். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாட்களில் பிள்ளையைக் கூடத்துக்குக் கூட்டிவருவார். ஒரு துண்டு உப்புத்தாள் கொடுத்தால் போதும், தரையைத் தேய்த்துக்கொண்டு கிடப்பாள். கூடத்துக்கே செல்லம்.

அவள் கடைசியாக வந்த நாள், மூன்றாவது அறையில் இதே சுவரில் இரண்டாவது கோட் முடிந்திருந்தது. மறுநாள் திறப்பு. பாப்பா எழுந்து வந்து சுவரில் சாய்ந்தாள். எண்ணெய்த் தலை. வெள்ளையில் மஞ்சள் வட்டம். அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“சுவத்துல சாயாதேன்னு எத்தன தடவ சொல்றது? தள்ளி நில்லு. அப்பா சொல்ற வரைக்கும் எங்கயும் சாயக்கூடாது.”

அவள் நின்றாள். மூன்றே கால் மணியிலிருந்து ஐந்து மணிவரை, அறை நடுவில், கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு. உட்காரவில்லை. அழவில்லை. அவர் சுவரைத் தேய்ப்பதில் மும்முரமாக இருந்தார். வீட்டுக்குத் தூக்கிப்போகும்போது, தோளில் விழுந்த நெற்றி அவர் கழுத்தைச் சுட்டது.

காய்ச்சலோடு நின்றிருக்கிறாள். சாய்ந்துகொள்ள இடம் தேடித்தான் அந்தச் சுவருக்கு வந்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் போய்விட்டாள்.

காய்ச்சல் என்று எல்லாரிடமும் சொன்னார்கள். அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும். வீட்டில் ‘பாப்பா’ என்ற சொல்லே நின்றுபோயிற்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நோகடிக்காமல் பார்த்துப் பார்த்து வாழ்ந்ததில், பேச்சும் மெல்லத் தேய்ந்துபோயிற்று.

அன்றைக்கு இரவு 7.40. மனைவி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்றார்.

“பாப்பா என்ன உசரம் இருந்தா?”

கேட்டுவிட்டு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. மனைவி திரும்பவில்லை. குழாயை மூடினாள். யோசிக்கக்கூட இல்லை.

“தொண்ணூத்தெட்டு. ஸ்கூல்ல சேக்கும்போது அளந்தாங்கல்ல.”

அவர் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வியாழன் 98. வெள்ளி 110. சனி 122. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள்.

“என்னங்க இது?”

அவர் சொன்னார். கறையைச் சொன்னார், சத்தத்தைச் சொன்னார். அதோடு நிறுத்த முடியவில்லை. பன்னிரண்டு வருடம் தொண்டையில் நின்றதையும் சேர்த்துச் சொன்னார். மூன்றே கால். ஐந்து மணி. சாயாதே.

அவள் அவரை அடிக்கவில்லை. திட்டவில்லை. குழாயைத் திறந்து மிச்சப் பாத்திரத்தைக் கழுவினாள். அது அடியைவிட மோசமாக இருந்தது. விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் அவள் குரல் மட்டும் வந்தது.

“நாளைக்கு நானும் வரேன்.”

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் யாரும் இல்லை. மதியம் 2.50-க்கு உள்ளே போனார்கள். எல்லா விளக்கையும் போட்டார். மனைவி அந்த அறைக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. சுவர் பளிச்சென்று இருந்தது. நேற்றைய கறையை அவர் மூடியிருந்தார். கைகள் தானாகவே செய்த வேலை.

இரண்டு பேரும் சுவருக்கு எதிரே, நாலு அடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார்கள்.

3.05.

3.10. மேலே ஒரு குழல் விளக்கு ‘ர்ர்ர்’ என்று இரைந்துகொண்டிருந்தது.

3.14. இரைச்சல் நின்றது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“எண்ணெ வாசன வருதுங்க” என்றாள் மனைவி.

3.15.

டொக்.

அவர் எழுந்து பலகையில் காதை வைக்கப் போனார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

ஒன்று உறைத்தது.

நேற்று அவர் சத்தத்தைச் சுவருக்குப் பின்னால் தேடினார். இடைவெளியில் தேடினார். ஆனால் கறை விழுவது பின்பக்கம் இல்லை. இந்தப் பக்கம். வெள்ளை அடித்த பக்கம்.

அப்படியென்றால் சாய்கிறவள் நிற்பது சுவருக்குப் பின்னால் இல்லை.

முன்னால்.

அறைக்குள்.

அவருக்கும் சுவருக்கும் நடுவில்... அவரைப் பார்த்துக்கொண்டு.

டொக்...

கண்ணெதிரே வெள்ளையில் ஒரு புள்ளி வந்தது. தாளில் எண்ணெய்ச் சொட்டு பரவுவதுபோல் பரவியது. எலுமிச்சை அளவுக்கு வந்ததும் நின்றது. தலை எடுத்துக்கொண்டாயிற்று.

அவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு அடி எடுத்து வைத்தால் எதன் மேலாவது மோதிவிடுவோமோ...

டொக்...

பட்டது. எடுத்தாயிற்று.

டொக்...

பட்டது. எடுத்தாயிற்று.

மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் காலைப் பிடித்து உலுக்கினாள். குரல் உடைந்திருந்தது.

“சொல்லுங்க. நீங்க சொல்றதுக்குத்தான் நிக்கிறா.”

அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

“சொல்லித் தொலைங்களேன்!”

“பாப்பா...” என்றார். “அப்பா சொல்றேன்... சாஞ்சுக்கோம்மா.”

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

பிறகு பலகை ‘கிறீச்’ என்றது. ஒரு நூல் அளவு உள்ளே போயிற்று. ஆள் பாரத்தை முழுசாக இறக்கிச் சாய்ந்தால் போவதுபோல. கறை பரவியது. உள்ளங்கை அகலத்துக்கு, நிதானமாக, அவசரமே இல்லாமல்.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். மனைவி விட்டதென்று அவர் நினைத்தார். அவர் விட்டதென்று மனைவி நினைத்தாள்.

3.22-க்கு விளக்கு மறுபடி இரைந்தது. அவர் அளந்தார். 138. மனைவி எழுந்து வந்து கறைக்குப் பக்கத்தில் நின்றாள். அது அவள் தோளுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

“வளந்துட்டாளே” என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

திங்கள் 151. செவ்வாய் 158. ஞாயிறிலிருந்து அவர் எதையும் மூடவில்லை. சத்தமும் வரவில்லை. புதன் அதே 158. வியாழன் அதே 158. பெண்பிள்ளைக்குப் பதினாறு வயது. இனி வளராது.

வியாழன் மதியம் மேலாளர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “என்னண்ணா, எட்டு நாள் என்ன பண்ணீங்க? நாளைக்குத் திறப்பு. பெரிய மனுசங்கல்லாம் வராங்க. உங்களால முடியலன்னா சொல்லுங்க, வேற ஆளக் கூப்பிடறேன்.”

பத்தொன்பது வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்தச் சுவத்த மட்டும் என்னால மூட முடியாது மேடம். என்ன அனுப்பிச்சாலும் பரவால்ல.”

மேலாளரோடு வந்திருந்த ஓவியப் பெண் சுவரருகே போனாள். 98 தொடங்கி 122 வரை, மூடிய கறைகளின் இடத்தில் அவர் போட்ட பென்சில் கோடுகள், அவற்றுக்கு மேலே மூன்று கறைகள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அண்ணா, அப்படியே இருக்கட்டும். என் படத்த அதுக்கு மேல மாட்டுங்க. யாருக்கும் தெரியாது.”

ஏழடிப் படம். சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய வெற்று வெளி. அவ்வளவுதான் அதில் இருந்தது. ஆணிக்காரர் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கொக்கி அடிக்கப் போனார். வெள்ளைக்காரர் அவர் கையைப் பிடித்தார்.

“சுவத்தோட ஒட்டி மாட்டாத. பின்னால ரெண்டு விரக்கட கட்ட குடு.”

“எதுக்கு?”

“மூச்சு முட்டும்.”

ஆணிக்காரர் வாயெடுத்தால் கிண்டல்தான். அன்றைக்கு வெள்ளைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, நாலு மூலைக்கும் கட்டை வைத்து மாட்டினார்.

வெள்ளிக்கிழமை திறப்புக்கு மனைவி வந்தாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. கூட்டம் நெரிந்தது. பேசினார்கள், கை தட்டினார்கள், டீக் கப்பை எங்கே வைப்பதென்று தேடினார்கள். அவள் மட்டும் சாம்பல் படத்தின் பக்கத்தில், யாரோடோ நிற்பதுபோல் இரண்டு மணி நேரம் நின்றாள். யாரோ ஒருவர், “உங்களுக்கு இதுல என்ன தெரியுது?” என்று கேட்டாராம். “எனக்குத் தெரிய வேண்டியது தெரியுது” என்றாளாம்.

ஐந்து வாரம் கண்காட்சி நடந்தது. ஒரு சத்தம் இல்லை. ஒரு வாசனை இல்லை. வீட்டில் அவர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். பாப்பா எப்படி ‘ரோலர்’ என்று சொல்ல வராமல் ‘லோலர்’ என்பாள், எப்படிச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொள்வாள் என்றெல்லாம். சிரிப்புகூட வந்தது. இதோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

படங்கள் இறக்குகிற திங்கட்கிழமை. காலை 10.20. வெள்ளைக்காரர் ஒரு பக்கமும் ஆணிக்காரர் ஒரு பக்கமும் பிடித்து ஏழடிப் படத்தைத் தூக்கி இறக்கினார்கள். எதிர்ச் சுவரோரம் சாத்திவிட்டுத் திரும்பினார்கள்.

ஆணிக்காரர்தான் முதலில் பார்த்தார்.

“இது அன்னிக்கு இல்லயே...”

158-இல் பெரிய கறை. அது இருந்தபடி இருந்தது. அதற்கு இடது பக்கம், ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் கீழே...

இன்னொன்று.

உள்ளங்கை அகலம். புதிசு. ஓரம் காயவில்லை.

படத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது இரண்டு விரல் இடைவெளி. ஐந்து வாரமாக அந்தப் படத்தை யாரும் அசைக்கவில்லை. ஒரு தலை போகிற இடம் இல்லை அது. கைகூட முழுசாகப் போகாது.

அளந்தார். 142.

பாப்பா திரும்பக் குட்டையானாளா? இல்லை, அவள் கறை அவள் இடத்தில் இருக்கிறது. இது வேறு தலை. வேறு யாரோ. அந்தக் கூடத்தில் வேறு பிள்ளை எதுவும் வளர்ந்ததில்லை, செத்ததில்லை. விசாரித்துப் பார்த்தார். கூடம் வருவதற்கு முன்னால் வெறும் நூல் கிடங்கு. ஒன்றும் பிடிபடவில்லை. சொந்தப் பிள்ளை என்றால் பயம் போய்விடுகிறது. இது யாரென்று தெரியவில்லை. அவருக்குப் பழைய பயம் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வரும்போது 6.50. மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பாப்பா தனியா இல்ல” என்றார். “பக்கத்துல யாரோ இருக்காங்க. அவள விடச் சின்னது. நூத்தி நாப்பத்திரண்டு. யாருன்னே தெரியல.”

மனைவியின் கை நின்றது.

மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள். முகம் வெளிறிவிட்டது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்கத் திரும்பினார்.

“பதினொன்னர வயசு” என்றாள்.

“யாருக்கு?”

அவள் அவரைப் பார்க்கவில்லை. துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே பேசினாள்.

“பாப்பா போனப்ப எனக்கு ரெண்டு மாசம். உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவளுக்குக் காய்ச்சல் வந்துருச்சு. அடுத்த மாசம் அதுவும் போயிருச்சு. கம்பெனி பாத்ரூம்லங்க. நீங்க அப்ப சோறு தண்ணி இல்லாம சுவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? துணிய மாத்திக்கிட்டுத் திரும்ப மெஷின்ல போய் உக்காந்தேன். யாருக்கும் தெரியாது. எங்கக்காவுக்குக்கூடத் தெரியாது. டாக்டர்கிட்ட போகல. நான் வாயத் தொறந்து ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ரெண்டு கறைக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்கு?” என்று கேட்டாள்.

“ஒரு சாண்.”

அவள் விரல்களை விரித்து, மடியில் கிடந்த துணியின் மேல் வைத்துப் பார்த்தாள்.

“பக்கம்தான்” என்றாள். “அவளுக்கு எப்படிங்க தெரிஞ்சுது, தனக்குப் பின்னால ஒண்ணு வந்துச்சுன்னு?”